ஒரு சட்டப்பிரிவை இயற்றியவர் யாவர்? இந்துத் திருமணச் சட்டத்தின் 7-அ பிரிவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சட்டம் சட்டமன்றத்தில் இயற்றப்படுகிறது என்பது பொதுவான கருத்து. இக்கருத்து உண்மையின் ஒரு பகுதியே என்பதைத் தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணச் சட்டம் உருவான வரலாற்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது. மக்களின் நடைமுறை, நீதிமன்றத்தின் மறுப்பு, அமைச்சரவையின் கொள்கை முடிவு, வரைவாளரின் சொல்தேர்வு, அவைகளின் வாக்கு, ஒப்புதல், பிற்காலத் தீர்ப்புகள், பதிவு அலுவலக நடைமுறை ஆகிய பல நிலைகளில் அச்சட்டத்தின் பொருள் படிப்படியாக உருவாகியுள்ளது. அச்சட்டத்தின் சொல்லமைப்பையும் அதிகாரமுறைப் பனுவலின் மொழியையும் தமிழாய்வு நோக்கில் அணுக வேண்டிய தேவையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சட்டமியற்றல், சுயமரியாதைத் திருமணம், 7-அ பிரிவு, வழக்கம், ஒப்புதல், சட்டமொழி.

முன்னுரை

சட்டமுன்வடிவு அறிமுகம், விவாதம், வாக்கெடுப்பு, ஒப்புதல், அரசிதழ் வெளியீடு என்னும் வரிசையைக் குடிமையியல் பாடநூல்கள் சட்டம் உருவாகும் முறையாகக் காட்டுகின்றன. இவ்வரிசை பிழையானதன்று. எனினும், ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது, அதன் சொற்களைத் தேர்ந்தவர் யார், அச்சொற்களுக்குப் பின்னர்ப் பொருள் வழங்கியவர் யார் என்னும் வினாக்களுக்கு இவ்வரிசையில் விடையில்லை.

இவ்வினாக்களை ஆராய, 1967ஆம் ஆண்டின் 21ஆம் சட்டமாகிய இந்துத் திருமணத் (சென்னைத் திருத்தச்) சட்டம் பொருத்தமான சான்றாகும். 1955ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டத்தில் 7-அ என்னும் ஒரே பிரிவைச் சேர்த்த சிறிய திருத்தம் இது. சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம் ஆகியவற்றுக்குச் சட்ட ஏற்பு வழங்கிய இப்பிரிவின்மேல் எண்ணற்ற இணையரின் மணவுரிமையும், மனைவியரின் வாரிசுரிமையும், பிள்ளைகளின் சட்டத் தகுதியும் நிலைகொண்டுள்ளன. இதன் உருவாக்கத்தில் பங்குகொண்டோரை ஒவ்வொருவராக அடையாளம் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வழக்கமும் சட்டமும்

7-அ பிரிவின் வரலாறு சட்டமன்றத்திற்கு வெளியே தொடங்குகிறது. 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கம், புரோகிதரும் வைதிகச் சடங்கும் இன்றி மணமக்களின் உடன்பாட்டை மையமாகக் கொண்ட மணமுறையை முன்வைத்தது. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தம் என்னும் ஊரில் பெரியார் ஈ.வெ.இராமசாமி தலைமையில் நடைபெற்ற திருமணம் இம்முறையின் முதல் நிகழ்வாகக் குறிக்கப்படுகிறது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களின் சொத்துரிமை, மணவிலக்குரிமை ஆகியவற்றையும் வலியுறுத்தியது. மணமுறை மாற்றம் என்பது சடங்கு மாற்றமாக மட்டும் கருதப்படவில்லை. குடும்பத்திற்குள் பெண்ணின் நிலையை மாற்றும் முயற்சியின் ஒரு கூறாகவே அது அமைந்தது.

நடைமுறை பரவியபோதிலும் சட்டத்தின் ஏற்பு அதனைத் தொடர்ந்து வரவில்லை. இந்து சட்டத்தில் வழக்கத்திற்கு உயர்ந்த இடம் உண்டு. இராமநாதபுரம் சமீன் தொடர்பான தத்தெடுப்பு வழக்கில் 1868இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வழங்கிய தீர்ப்பு, தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் எழுத்திலுள்ள நூல்விதியை விஞ்சும் என்னும் நெறியை நிலைநிறுத்தியது. மக்கள் தம் நடைமுறையாலேயே சட்டத்தை ஆக்கிக்கொள்ள இயலும் என்பதே இதன் உட்பொருள். ஆனால், அந்நடைமுறை தொன்மையானதாகவும் இடையறாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது உடன்வந்த நிபந்தனை. வேண்டுமென்றே புதிதாக உருவாக்கப்பட்ட சுயமரியாதை மணமுறையால் இந்நிபந்தனையை நிறைவு செய்ய இயலவில்லை. மரபை மறுப்பதே அதன் நோக்கமாக இருக்க, மரபின் சான்றையே சட்டம் அதனிடம் கேட்டது.

1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. உரிய சடங்குகளோ அவற்றுக்கு மாற்றான நெடுங்கால வழக்கமோ இல்லாத நிலையில், சுயமரியாதை முறையில் நடந்த மணம் இந்து சட்டத்தின்படி செல்லத்தக்கதன்று என்று அது முடிவு செய்தது. சிலர் தமக்குள் உடன்பட்டுப் புதியதொரு முறையைக் கைக்கொள்வதால் மட்டும் அது சட்டம் ஏற்கும் வழக்கமாகிவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இதன் விளைவு கடுமையானது. ஊரறிய மணந்து பல்லாண்டு வாழ்ந்த பெண்ணும் சட்டத்தின் பார்வையில் மனைவியல்லள் என்னும் நிலை உண்டானது. பிள்ளைகளின் பிறப்புரிமையும் ஐயத்திற்குள்ளானது.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் இந்நிலையை மாற்றவில்லை. மணமக்களுள் ஒருவரது மரபுவழிச் சடங்குகளின்படி திருமணம் நடத்தப்படலாம் என்றே அதன் 7ஆம் பிரிவு கூறுகிறது. அச்சட்டத்தில் வழக்கம் என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கமும் நெடுங்காலத் தொடர்ச்சியை வேண்டுகிறது. எனவே, நடைமுறையாலும் வழக்காடலாலும் அடைய முடியாத ஏற்பைச் சட்டமியற்றலால் மட்டுமே பெற இயலும் என்னும் நிலை தோன்றியது. எதிர்மறையாகவேனும், சட்டத்தின் தேவையை வரையறுத்துக் கொடுத்தது நீதிமன்றமே.

2. சட்டமன்றத்தின் அதிகார எல்லை

தேவை இருப்பதனால் மட்டும் ஒரு சட்டமன்றம் எதனையும் இயற்றிவிட முடியாது. அரசமைப்பின் 246ஆம் உறுப்பும் ஏழாம் அட்டவணையும் சட்டமியற்றும் பொருள்களை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பகுக்கின்றன. திருமணமும் மணவிலக்கும் பொதுப் பட்டியலின் 5ஆம் இனத்தில் அடங்குவன. இப்பொருளில் நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றமும் சட்டம் இயற்றலாம்.

இரண்டும் முரண்படுமாயின் எது நிற்கும் என்பதை 254ஆம் உறுப்பு விடுக்கிறது. பொதுவிதியாக ஒன்றியச் சட்டமே நிற்கும்; முரண்படும் அளவுக்கு மாநிலச் சட்டம் செல்லாததாகும். ஆனால், அவ்வுறுப்பின் 2ஆம் கூறு ஒரு விலக்கை அளிக்கிறது. மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கப்பட்டு அவருடைய ஒப்புதலைப் பெறுமாயின், முரண்பாடு இருப்பினும் அம்மாநிலத்தில் அது செல்லும். அவ்வாறு செல்லும் சட்டத்தையும் நாடாளுமன்றம் பின்னர் மாற்றவோ நீக்கவோ இயலும்.

7ஆம் பிரிவின் சடங்குத் தேவையிலிருந்து விலகிச் செல்லும் எந்தத் திருத்தமும் இவ்வழியாகவே நிலைபெற முடியும். ஒரு மாநிலத்தின் சமூகச் சீர்திருத்தம் சட்டமாவதற்குப் பெரும்பான்மை வாக்கு மட்டும் போதவில்லை. ஒன்றிய ஆட்சியமைப்பின் இசைவும் இன்றியமையாததாக உள்ளது. ஒன்றிய அமைச்சரவையின் அறிவுரையின்படியே குடியரசுத் தலைவர் செயற்படுவதால், சென்னையில் இயற்றப்படும் இத்தகைய சட்டத்திற்குப் புதுதில்லியும் ஒருவகையில் பங்காளியாகிறது.

3. முன்வடிவு சட்டமாகும் நிலைகள்

1967 பொதுத்தேர்தலுக்குப்பின் சி.என்.அண்ணாதுரை தலைமையில் பொறுப்பேற்ற அமைச்சரவை இத்திருத்தத்தைக் கொண்டுவந்தது. அரசின் சட்டமுன்வடிவு ஒன்று அவைக்கு வருமுன் கடக்கும் நிலைகள் பொதுமக்களின் கண்ணில் படுவதில்லை. தொடர்புடைய துறை கொள்கைக் குறிப்பை உருவாக்குகிறது; சட்டத்துறை அதனைச் சட்டச் சொற்களில் வரைகிறது; அமைச்சரவை இசைவளிக்கிறது. முன்வடிவுடன் அதன் நோக்கக் காரண விளக்கவுரையும் இணைக்கப்படுகிறது. அவையில் அறிமுகம், கொள்கை பற்றிய விவாதம், கூறுவாரியான ஆய்வு, நிறைவேற்றம் என்பன தொடர்கின்றன. தேவையெனில் முன்வடிவு தெரிவுக் குழுவின் ஆய்வுக்கும் அனுப்பப்படலாம்.

அக்காலத்தில் மாநிலச் சட்டமன்றம் ஈரவை கொண்டதாக இருந்தது. சட்டப்பேரவையில் நிறைவேறிய முன்வடிவு சட்டமேலவைக்கும் சென்றது. மேலவையால் முன்வடிவை ஒரு கால எல்லைவரை தாழ்த்த இயலும். பேரவை உறுதியாக நின்றால் தடுக்க இயலாது என்பது 197ஆம் உறுப்பின் ஏற்பாடு. 1986 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் மேலவை இல்லை. அதன்பின் 234 உறுப்பினர் கொண்ட பேரவையே மாநிலத்தின் ஒரே அவையாக உள்ளது. மறு ஆய்வுக்கெனத் தனி அவை இல்லாத நிலையில், கூறுவாரியான ஆய்வுக்குப் பேரவை ஒதுக்கும் நேரமும் கவனமும் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன.

அவை நிறைவேற்றிய முன்வடிவு ஒப்புதல் பெற்றாலன்றிச் சட்டமாகாது. 168ஆம் உறுப்பின்படி ஆளுநரும் சட்டமன்றத்தின் ஓர் அங்கமே. ஒப்புதல் அளித்தல், நிறுத்திவைத்தல், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குதல் ஆகியவற்றை 200ஆம் உறுப்பு வகுக்கிறது. மறு ஆய்வுக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட முன்வடிவை அவை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைத்தல் கூடாது என்றும் அது கூறுகிறது. ஆனால், நாள்கணக்கில் எவ்விதக் கால எல்லையையும் அது குறிப்பிடவில்லை.

இவ்விடைவெளி அண்மையில் பெரும் வழக்காயிற்று. தமிழ்நாட்டின் 10 சட்டமுன்வடிவுகள் ஒப்புதல் பெற்றனவாகவே கருதப்படும் என 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு தீர்ப்பளித்துக் கால வரம்புகளையும் வகுத்தது. குடியரசுத் தலைவர் எழுப்பிய வினாக்களுக்கு அவ்வாண்டு நவம்பரில் கருத்துரை வழங்கிய ஐவர் அமர்வு, நீதிமன்றம் அத்தகைய கால வரம்பை விதிக்க இயலாது என்றும், ஒப்புதல் பெற்றதாகக் கருதும் முறை அரசமைப்பில் இல்லை என்றும் கூறியது. அதேவேளை, காரணமின்றி நெடுங்காலம் முடிவெடுக்காதிருத்தல் நீதிமன்றத்தின் வரையறுக்கப்பட்ட ஆய்வுக்கு உட்பட்டது என்றும் தெளிவுபடுத்தியது. ஒப்புதல் என்பது வெறும் கையொப்பச் சடங்கன்று, சட்டமியற்றலின் உள்ளார்ந்த நிலை என்பதை இவ்விரு முடிவுகளும் காட்டுகின்றன.

சுயமரியாதைத் திருமணத் திருத்தம் இத்தகைய தேக்கத்திற்கு ஆளாகவில்லை. 1968 சனவரி 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதல் திருமணத்திற்கும் சட்ட ஏற்புக்கும் இடையே ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழிந்திருந்தன. மாநிலத்தின் பெயர் அடுத்த ஆண்டில்தான் தமிழ்நாடு என மாறியது; ஆகவேதான் சட்டத்தின் தலைப்பில் சென்னை என்னும் பெயர் இடம்பெற்றது.

4. பிரிவின் சொல்லமைப்பு

ஒவ்வொரு சட்டத்திற்கும் பெயர் குறிப்பிடப்படாத ஆசிரியர் ஒருவர் உண்டு. சட்டத்துறையின் வரைவாளரே அவர். கொள்கையை வகுப்பவர் அமைச்சராயினும், அக்கொள்கை எந்த அளவுக்குச் செல்லும் என்பதை வரைவாளர் தேர்ந்த சொற்களே முடிவு செய்கின்றன. 7-அ பிரிவில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

இந்துக்கள் இருவர், உறவினர் அல்லது நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் செய்துகொள்ளும் மணத்திற்கு இப்பிரிவு பொருந்தும். சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம் என்னும் பெயர்களாலோ வேறு எப்பெயராலோ அம்மணம் வழங்கப்படலாம். மூன்று முறைகள் சுட்டப்பட்டுள்ளன. ஒருவரையொருவர் கணவராகவும் மனைவியாகவும் ஏற்பதாக இருவருக்கும் விளங்கும் ஏதேனுமொரு மொழியில் அறிவித்தல் முதலாவது. ஒருவருக்கொருவர் மாலை சூட்டுதல் அல்லது விரலில் மோதிரம் அணிவித்தல் இரண்டாவது. தாலி கட்டுதல் மூன்றாவது.

இம்மூன்றையும் இணைப்பது ‘அல்லது’ என்னும் இடைச்சொல். இதற்கு மாறாக ‘உம்’ என்னும் பொருள்பட இவை இணைக்கப்பட்டிருப்பின் தாலி கட்டாயமாகியிருக்கும். தாலியை அடிமைத்தனத்தின் அடையாளமெனக் கருதி விலக்கியோரின் மணம் மீண்டும் செல்லாததாகியிருக்கும். தாலி அறவே விடப்பட்டிருப்பின், அதனை விரும்பிய சீர்திருத்த மணத்தார் வெளியே நின்றிருப்பர். ஓர் இடைச்சொல் இரு தரப்பினரையும் ஒரே பிரிவுக்குள் கொண்டுவந்தது.

முதலிரண்டு முறைகளில் இருவரின் செயலும் சமமாகக் கூறப்படுகிறது. ஒவ்வொருவரும் மற்றவரை ஏற்கின்றனர், ஒவ்வொருவரும் மற்றவருக்குச் சூட்டுகின்றனர். மூன்றாவது முறையில் எழுவாய் இல்லை. தாலி கட்டுதல் என்று மட்டும் உள்ளது. யார் யாருக்குக் கட்டுவது எனச் சட்டம் கூறவில்லை. வழக்கம் நிரப்பிக்கொள்ளட்டும் என விடப்பட்ட இடம் இது எனலாம்.

சொல்லப்பட்டவற்றைப் போன்றே சொல்லப்படாதவையும் சட்டத்தின் பகுதிகளே. நடத்திவைப்பவர் ஒருவர் வேண்டும் என இப்பிரிவு கூறவில்லை. இடம், நேரம், வருகையாளரின் எண்ணிக்கை எவற்றையும் அது வரையறுக்கவில்லை. ‘பிறர்’ என்னும் சொல் மிக விரிந்தது. இவ்விடைவெளிகளை யார், எவ்வாறு நிரப்புவது என்னும் வினாவே பின்னர் நீதிமன்றங்களை அடைந்தது.

இப்பிரிவுக்கு எல்லைகளும் உண்டு. சட்டத்தின் ஏனைய ஏற்பாடுகளுக்கு உட்பட்டே இது செயற்படும் என்பதால், மண வயது, வாழ்க்கைத்துணை உயிருடன் இருத்தல் கூடாமை முதலிய 5ஆம் பிரிவின் நிபந்தனைகள் இம்மணத்திற்கும் பொருந்தும். மேலும் இருவரும் அச்சட்டத்தின் பொருளில் இந்துக்களாக இருத்தல் வேண்டும். வேறு சமயத்தவரை மணப்போர் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாட வேண்டும். அங்கே முன்னறிவிப்பும் 30 நாள் காத்திருப்பும் உண்டு. சமய மறுப்பிலிருந்து பிறந்த மணமுறை சமய அடிப்படையிலான சட்டத்தின் ஓர் உட்பிரிவாகவே இடம்பெற்றது. இதனை வரைவாளரின் குறையாகக் கொள்வதற்கில்லை. இருக்கும் ஒன்றியச் சட்டத்தைத் திருத்துதல் என்னும் வழியைத் தேர்ந்தமையின் விளைவு அது.

5. பின்னோக்கிய விளைவு

இனி நடக்கும் மணங்களுக்கு மட்டும் ஏற்பு வழங்கியிருந்தால் 1928 முதல் மணந்தோர் கைவிடப்பட்டிருப்பர். எனவே, சட்டம் நடைமுறைக்கு வருமுன் நடந்த மணங்களும் அவை நடந்த நாளிலிருந்தே செல்லத்தக்கனவாகக் கருதப்படும் என இப்பிரிவு கூறுகிறது. இந்து சட்ட நூல்விதி, விளக்கம், வழக்கம் ஆகியன எவ்வாறிருப்பினும், நீதிமன்றத் தீர்ப்பு இருப்பினும் இது பொருந்தும் என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. அம்மணங்களில் பிறந்த பிள்ளைகள் சட்டமுறைப் பிள்ளைகளாகக் கருதப்படுவர் என்னும் ஏற்பாடும் உண்டு.

சட்டமன்றத்திற்கும் நீதிமன்றத்திற்கும் உள்ள உறவை இங்கே காணலாம். தீர்ப்பு தவறு என அறிவிக்கும் அதிகாரம் சட்டமன்றத்திற்கு இல்லை. தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த சட்டத்தை மாற்றும் அதிகாரம் உண்டு. சடங்கோ நெடுங்கால வழக்கமோ வேண்டும் என்னும் அடிப்படை நீங்கவே, 1953 தீர்ப்பு எதிர்காலத்தில் செயலற்றதாயிற்று.

பின்னோக்கிச் செல்லும் சட்டம் பிறருக்குத் தீங்கு விளைத்தல் கூடாது என்பதையும் வரைவு கருதியுள்ளது. முன்னரே மணவிலக்கால் முடிந்த மணம் இதனால் உயிர்பெறாது. செல்லாது எனக் கருதப்பட்ட மணத்தை விட்டு நீங்கிச் சட்டப்படி வேறொருவரை மணந்த பெண்ணின் பழைய மணமும் உயிர்பெறாது. சடங்குக் குறையன்றி வேறு காரணத்தால் செல்லாதிருந்த மணத்தையும் இது காப்பதில்லை. முன்னர்ச் செய்த செயலுக்காக எவரும் தண்டனைக்கு உள்ளாகார் எனவும் விதிக்கப்பட்டுள்ளது. இக்காப்புகள் இல்லையாயின், ஒருவருக்கு நீதி வழங்கும் சட்டமே மற்றொருவரைக் குற்றவாளியாக்கியிருக்கும்.

6. நீதிமன்றத்தின் வாசிப்பு

அரசிதழில் வெளியானதும் சட்டத்தின் சொற்கள் நிலைபெறுகின்றன, பொருள் நிலைபெறுவதில்லை. 1965இல் இருதார மணக் குற்ற வழக்கொன்றில், திருமணம் ‘நடத்தப்பட்டது’ எனக் கொள்ள உரிய சடங்குகள் நிறைவேறியிருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. இன்றியமையாச் சடங்கு மெய்ப்பிக்கப்படாமையால் குற்றம் நிற்கவில்லை. இரண்டாம் மணத்தைச் செய்தவர், தம் மணத்தில் சடங்குக்குறை இருந்தது என்று கூறியே தப்பிக்க இவ்விளக்கம் இடமளித்தது.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2001இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்வழியை அடைத்தது. ஏழடி வைத்தல் நிகழவில்லை என்பதால் இரண்டாம் மணம் மணமே அன்று என்னும் வாதம் மறுக்கப்பட்டது. மாலை மாற்றித் தாலி கட்டியமையால் 7-அ பிரிவின்படி அம்மணம் நடந்தேறியது என்றும், ஆதலின் குற்றம் நிறைவுற்றது என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. சுயமரியாதை மணத்தாரைக் காக்க இயற்றப்பட்ட பிரிவு, 33 ஆண்டுகளுக்குப்பின் முதல் மனைவியைக் காக்கும் கருவியுமாயிற்று.

‘முன்னிலையில்’ என்னும் தேவை பிறிதொரு சிக்கலை எழுப்பியது. வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சிய இணையர் வழக்கறிஞர் அறைகளில் மணந்துகொள்வது பெருகிய சூழலில், மறைவாகச் செய்யப்படும் இத்தகைய மணம் 7, 7-அ பிரிவுகளின் பொருளில் நடத்தப்பட்ட மணமாகாது என 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. திருமணம் என்பது பலரறிய நிகழ்வது என்னும் கருத்து அதன் அடிப்படை. பிரிவில் இல்லாத ‘பலரறிய’ என்னும் தேவை வாசிப்பின்வழி உள்ளே வந்தது.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இக்கருத்தை ஏற்கவில்லை. பொது அறிவிப்பு ஒவ்வொரு மணத்திற்கும் கட்டாயம் என்பது பிரிவின் சொற்களில் இல்லை. குடும்ப எதிர்ப்பாலோ உயிரச்சத்தாலோ பொது அறிவிப்பைத் தவிர்க்கும் இணையரை அதற்குக் கட்டாயப்படுத்துவது அவர்களின் உயிருக்கே தீங்காகலாம் என்பது அதன் நிலைப்பாடு. வழக்கறிஞர்கள் தொழில்முறையில் மணம் நடத்திவைக்கக் கூடாதெனினும், நண்பர், உறவினர் முதலிய தனி நிலையில் சான்றாக நிற்பதற்குத் தடையில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது.

சாதிமறுப்பு மணம் செய்வோர் கொலையுண்ணும் நிகழ்வுகள் தொடரும் சமூகத்தில் இவ்விளக்க வேறுபாடு கருத்தளவில் நிற்பதன்று. ‘பிறர்’ என்னும் சொல் ஒரு மண்டபத்துக் கூட்டத்தைக் குறிக்கிறதா, அறைக்குள் நிற்கும் சிலரையும் உள்ளடக்குகிறதா என்பதில் மணமக்களின் உயிர்ப்பாதுகாப்பே அடங்கியுள்ளது. சட்டம் நடைமுறைக்கு வந்து 55 ஆண்டுகள் கழிந்த பின்னரே அச்சொல்லின் பொருள் இவ்வகையில் தெளிவுற்றது.

7. விதிகளும் அலுவலகமும்

சட்டமன்றம் எல்லா நுட்பங்களையும் தானே எழுதுவதில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, மணப்பதிவுக்கான விதிகளை இயற்றும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளிக்கிறது. அவ்விதிகள் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. பதிவு செய்யப்படாமையால் மணத்தின் செல்லுபடி பாதிக்கப்படாது என்பதும் அப்பிரிவிலேயே உள்ளது. தமிழ்நாட்டில் மணப்பதிவைக் கட்டாயமாக்கிய தனிச்சட்டம் 2009இல் இயற்றப்பட்டது.

பொதுமக்கள் நாள்தோறும் சந்திக்கும் சட்டம் பெரும்பாலும் இவ்விதிகளும் படிவங்களுமே. 7-அ பிரிவு ஓர் அறிவிப்பையே மணமாக ஏற்கிறது. ஆனால், பேச்சு எழுத்தாவணமன்று. மாலை மாற்றியதற்கு ஒளிப்படமும், மண்டபத்தில் மணந்ததற்கு அழைப்பிதழும் சான்றாகக் கிடைக்கலாம். சிலர் முன்னிலையில் சொல்லப்பட்ட உறுதிமொழிக்கு அவ்வாறு கிடைப்பது அரிது. எத்தகைய சான்று கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்துச் சட்டம் தந்த உரிமை அலுவலக மேசையில் விரியவோ சுருங்கவோ கூடும். அவ்வகையில் விதியை எழுதும் அலுவலரும் அதனைச் செயற்படுத்தும் பதிவாளரும் சட்டத்தின் பொருளை வரையறுப்போருள் அடங்குவர். சட்டமன்றத்தின் முன் வைக்கப்படும் விதிகள் சட்டமுன்வடிவுகள் அளவுக்கு விவாதிக்கப்படுவதில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

8. சட்டத்தின் மொழி

அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி, நாடாளுமன்றம் வேறு வகை செய்யும்வரை சட்டங்களின் அதிகாரமுறைப் பனுவல் ஆங்கிலத்தில் அமைய வேண்டும். ஒரு மாநிலம் தன் சட்டங்களுக்கு வேறு மொழியை வகுத்தாலும், ஆளுநரின் அதிகாரத்தால் வெளியிடப்படும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரமுறைப் பனுவலாகக் கருதப்படும். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கியபோதிலும் இந்நிலை தொடர்கிறது. அரசிதழில் தமிழிலும் சட்டங்கள் வெளிவருகின்றன. எனினும், ஐயம் எழும்போது நீதிமன்றம் வாசிப்பது ஆங்கிலப் பனுவலையே. 1973ஆம் ஆண்டின் சட்டமொன்று, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் வெளியிடப்படும் ஒன்றியச் சட்டங்களின் வட்டாரமொழி மொழிபெயர்ப்புகளுக்கு அம்மொழிகளில் அதிகாரமுறைத் தகுதி வழங்கியுள்ளது.

7-அ பிரிவில் இதற்கு மாறான ஒரு நிகழ்வைக் காண்கிறோம். சுயமரியாதை, சீர்திருத்த, தாலி ஆகிய சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல், ஒலிபெயர்ப்பாகவே ஆங்கிலப் பனுவலில் இடம்பெற்றுள்ளன. ஒரு சமூக இயக்கம் உருவாக்கிய தமிழ்க் கலைச்சொற்கள் ஒன்றியச் சட்டத்தின் சொற்களாயின. மணமக்கள் தமக்கு விளங்கும் மொழியில் உறுதி கூறினால் போதும் என்னும் ஏற்பாடும், மணம் என்பது புரிந்துகொண்டு செய்யும் உடன்பாடு என்னும் இயக்கக் கருத்தின் சட்ட வடிவமே. புரிதலை மணத்தின் அடிப்படையாக்கிய இப்பிரிவையே அதன் பயனாளர் பலர் தம் மொழியில் அதிகாரமுறைப் பனுவலாக வாசிக்க இயலாத நிலை உள்ளது.

‘நடத்துதல்’ என்னும் சொல்லை முன்வைத்து எழுந்த வழக்குகள் மொழிச்சிக்கலின் இன்னொரு முகத்தைக் காட்டுகின்றன. ஆங்கிலச் சொல்லில் சடங்கின் சாயல் உண்டு. தமிழில் மணம் செய்தல், மணம் முடித்தல், மணம் புரிதல் எனப் பல வழக்குகள் உள. அவை ஒவ்வொன்றும் சடங்கையும் உடன்பாட்டையும் வெவ்வேறு அளவில் உணர்த்துவன. தமிழ்ப் பனுவலைப் பிறிதொன்றன் நிழலாகக் கொள்ளாமல் ஆய்வுக்குரிய பனுவலாகக் கொண்டு, இத்தகைய சொற்களின் பொருளெல்லையை வரையறுக்கும் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது. சட்டத்துறையினரும் தமிழறிஞரும் முன்வடிவு நிலையிலேயே இணைந்து செயற்படுவது இதற்கு வழியாகும்.

முடிவுரை

7-அ பிரிவின் ஆசிரியர் ஒருவரல்லர். தண்டனைக்கு உரியதல்லாத, ஆயினும் ஏற்பும் இல்லாத ஒரு மணமுறையை 40 ஆண்டுகள் தம் வாழ்வால் நிலைநிறுத்திய இணையரே அதன் முதல் ஆசிரியர். மறுத்ததன் மூலம் சட்டத் தேவையை வெளிப்படுத்திய உயர் நீதிமன்றம், கொள்கை வகுத்த அமைச்சரவை, ‘அல்லது’ என்னும் சொல்லைத் தேர்ந்த வரைவாளர், வாக்களித்த இரு அவைகள், ஒப்புதல் அளித்த அதிகாரம், சொற்களின் எல்லையை வரைந்த பிற்கால நீதிபதிகள், படிவத்தை வகுத்த அலுவலர் ஆகியோர் அதன் இணையாசிரியர்.

எனினும் இவர்களுக்குள் சமநிலை இல்லை. வாக்காளருக்குப் பொறுப்புடைய நிலை அவையின் விவாதம் ஒன்றே. வரைவும் விதியாக்கமும் பொதுப்பார்வைக்கு அப்பால் நிகழ்கின்றன; ஒப்புதலுக்கு நாள்வரம்பு இல்லை; தீர்ப்பு பல்லாண்டுகளுக்குப் பின்னரே வருகிறது. ஆதலின், அவை விவாதத்தின் ஆழமும், முன்வடிவைப் பொதுமக்கள் தம் மொழியில் முன்கூட்டியே வாசித்துக் கருத்துரைக்கும் வாய்ப்பும் வலுப்பெற வேண்டும். சட்டத்தின் சொல் எழுதப்படும்போது அதனால் வாழப்போவோர் உடனிருந்தால், அச்சொல்லின் பொருளை அறிய அவர்கள் 55 ஆண்டுகள் காத்திருக்க நேராது.